அண்ணன் எங்களைக் கைவிட்டதாக ஒரு மனு

என் அண்ணன் எங்களைக் கைவிட்டுவிட்டான் என்று முதன்முதலில் எழுதியது நான்தான். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட தாளை இடப்பக்கம் மடித்துக்கொண்டு, "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, அம்மா சொல்வதுபோல எழுதினேன். "என் மகனுக்குப் பத்தொன்பது வயதாகிறது. அவன் எங்களைப் பார்ப்பதில்லை. தனியாகப் போய்விட்டான்." இதை நான் எழுதும்போது அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெறுமனே தனியாகப் போய்விட்டான் என்றால் போதாது, மந்தாரக்குப்பத்துக்குப் போய்விட்டான் என்று எழுதச் சொன்னவனும் அவன்தான்.

"ஊர் பேரு இருந்தாதான் நம்புவாங்க," என்றான். அம்மாவும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் ஊர் நெய்வேலிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில். ஊரில் பாதிப்பேர் மாரியம்மனுக்கு, பாதிப்பேர் எங்களைப் போல மாதாவுக்கு. சாமி எதுவானாலும் வீட்டுக்கு ஓர் ஆள் சுரங்கத்தில் இருப்பார். பர்மனென்ட் ஆனவர்கள் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா கடைசிவரை காண்ட்ராக்ட் ஆள். நான் ஏழாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வேலைக்குப் போன நாளுக்கு மட்டும் கூலி என்ற வேலை அது, அவரோடு அதுவும் நின்றது. அம்மா டவுன்ஷிப்பில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஒன்று ஒரு பிளாக்கில், இன்னொன்று ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய பிளாக்கில்.

இரண்டு வருடம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்த பிறகு அம்மாவுக்கு மாசப் பணம் வர ஆரம்பித்தது. காகிதத்தில் ஆதரவற்ற விதவை உதவித்தொகை என்று இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது மாசப் பணம்தான். இருநூறு ரூபாய். அந்தப் பணத்தில் என்ன ஆகும் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன ஆனது என்று சொல்கிறேன். அதுவரை எங்களைக் கண்டால் எதையோ தேடுவதுபோல உள்ளே போய்விடும் மளிகைக்கடைக்காரர், "இன்னாம்மா வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தார். தொகைக்காக இல்லை, அது தவறாமல் வந்தது என்பதற்காக. குவார்ட்டர்ஸ் வீட்டில் மீந்துபோன குழம்பைத் தூக்கில் ஊற்ற வந்தபோது அம்மா முதல்முறையாக, "வேணாங்க, வூட்டுல ஆக்கி வச்சிருக்கன்," என்றாள். ஆக்கி வைக்கவில்லை. வந்துதான் ஆக்கினாள். ஆனால் அன்று அவள் நடந்து வந்த வேகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஊரில் அவளை இன்னார் பெண்சாதி, இன்னான் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்காரர் ஒருவர்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் பெயரை முழுசாக, அப்பா பெயரும் ஒட்டாமல், தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். மணியார்டரை ஆள் கையில்தான் கொடுப்பார்கள், ஆள் இல்லையென்றால் திரும்பிவிடும். அதனால் அவர் வரக்கூடிய மூன்று நான்கு நாளும் அம்மா வேலைக்குப் போகமாட்டாள். குவார்ட்டர்ஸில் அந்த நாட்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு நோய் சொல்ல வேண்டியிருந்தது. வயிற்றுவலி, தலைசுற்றல், காலில் ஆணி என்று எல்லாம் தீர்ந்துபோய் மறுபடி வயிற்றுவலிக்கே வந்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலையாரி ஒருநாள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். கிராம அலுவலருக்கு உதவியாக இருப்பவர், எங்கள் மேல் இரக்கம் உள்ளவர்.

"பையனுக்குப் பதினெட்டு தாண்டிப்போச்சிங்களே. சம்பாரிக்கற புள்ள இருந்தா பணம் நின்னுடும். அவன் பாக்கறதில்லன்னு ஒரு மனு எழுதிக் குடுத்து வச்சிடுங்க. ஆனா ஒரே வூட்டுல இருந்துகினு அப்படி எழுதாதீங்க."

அண்ணன் அப்போதுதான் காண்ட்ராக்டில் சேர்ந்திருந்தான். சுரங்கத்தில் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் மண்ணை வாரி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. அவன் சம்பளம் இருக்கும்போது இந்தப் பணம் எதற்கு என்று நான் கேட்டேன். அம்மா என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"காண்ட்ராக்ட்டு இன்னைக்கி வாம்பான், நாளைக்கி ஆளு போதும்பான். ஒங்கப்பாவப் பாத்தல்ல. இது அப்படி இல்லடி. நான் இருக்கற வரைக்கும் வரும்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். மனு எழுதினோம். அண்ணன் இரண்டு சட்டை, ஒரு போர்வையோடு மந்தாரக்குப்பத்தில் மூன்று காண்ட்ராக்ட் ஆட்கள் இருந்த வாடகை அறைக்குப் போனான். ரேஷன் கார்டிலிருந்தும் அவன் பெயரை எடுத்துவிட்டோம். கார்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள். செத்தவர்கள் பெயரையும் அப்படித்தான் அடிப்பார்கள், அப்பா பெயர் மேலே அதே கோடு இருந்தது.

நாங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. ஆபீஸ் நம்பினால் போதும் என்றிருந்தோம். ஊரே நம்பியது.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அம்மாவிடம் பரிதாபப்பட்டார்கள். மறுத்தால் பேச்சு வெளியே போகும், அதனால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "போனவன் போனவன்தான், இன்னா பண்றது," என்பாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போது முகம் செத்திருக்கும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவான், ஆண்கள் பக்கம் கடைசியில் நிற்பான். பூசை முடிந்து வெளியே வந்தால் நாங்கள் அவனைப் பார்க்காததுபோல நடக்கவேண்டும். ஐந்தடி தூரத்தில் நிற்கிற மகனைப் பார்க்காமல் நடப்பது அம்மாவுக்கு வரவில்லை. அவள் கண் அவன் சட்டைக் காலர் கிழிந்திருக்கிறதா, இளைத்துவிட்டானா என்று மேய்ந்துவிட்டுத்தான் வரும். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுப்பேன். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயம்.

இந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா என்பது அம்மாவின் பெரிய கவலை. எங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லப் பயம். அவர் வெளியே சொல்லமாட்டார், ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிடுமே. அதனால் பஸ் பிடித்து டவுன்ஷிப் கோயிலுக்குப் போய், முகம் தெரியாத சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவர் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி, இனிமேல் அந்தப் பொய்யைச் சொல்லவேண்டாம் என்றாராம். அடுத்த வாரமே தபால்காரர் வந்தார். "மாசா மாசம் போயி அதே பாவத்தச் சொன்னா அவுரு இன்னா நெனப்பாரு?" என்று அம்மா பாவசங்கீர்த்தனம் செய்வதையே விட்டுவிட்டாள். நற்கருணை வாங்கவும் போகவில்லை. எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். அதற்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது, மகன் கொடுத்த வேதனை என்று.

எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து அண்ணனைக் கூப்பிட்டார். நாலாம் கட்டளை என்ன என்று கேட்டார். தாய் தகப்பனை மதித்து நட என்று அவன் சொன்னான். அதைச் சொல்லத் தெரிகிறது, செய்யத் தெரியாதா என்று கேட்டார். சுற்றிலும் ஜனம். அம்மா வாய் திறந்தால் பணம் போகும், திறக்காவிட்டால் பிள்ளை மானம் போகும். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். நானும் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் அதற்கப்புறம் பூசைக்கு வரவில்லை.

அதுவரை அவன் எங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான் என்பதைச் சொல்லவேண்டும். பள்ளி முடித்து நான் மந்தாரக்குப்பத்தில் டைப்பிங்கும் ஜெராக்ஸும் செய்கிற ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாதாமாதம் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வருவான். பன்னும் டீயும் வாங்கித் தருவான். அம்மா இருமல் எப்படி இருக்கிறது, கூரையில் ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டு ஒரு கவரைக் கொடுப்பான். அவன் செலவுக்குக் கொஞ்சம் போக மீதி எல்லாம் அதில் இருக்கும். அம்மா அந்தக் கவரை வாங்கியதும் பிரிக்கமாட்டாள். முதலில் மாதா படத்துக்குக் கீழே வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, அப்புறம்தான் பிரிப்பாள்.

சாமியார் கேட்ட மாதம் கவர் வந்தது, பன் வரவில்லை. அடுத்த மாதம், சுரங்கத்துக்குள் போக அவனுக்குக் கொடுத்திருந்த கேட் பாஸ் முடிந்து புதுப்பிக்கவேண்டியிருந்தது. காண்ட்ராக்டர் ரேஷன் கார்டு நகல் கேட்டிருக்கிறார். எங்கள் கார்டில் அவன் பெயர்மேல் சிவப்புக் கோடு. வேறு கார்டும் இல்லை. ஏதேதோ சான்றிதழ் வாங்கி பாஸ் கைக்கு வருவதற்குள் மூன்று வாரம் வேலை போயிற்று. கவரில் பாதிதான் இருந்தது.

"எந்த வூட்டுப் புள்ளன்னு கேட்டா காட்டறதுக்கு ஒரு காயிதம் இல்ல," என்றான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேரு கெட்டாச்சி. இனிமே குடுத்தா இன்னா, குடுக்காட்டி இன்னா?"

கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். "அம்மாகிட்ட சொல்லட்டாண்ணா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

அடுத்த மாதச் சனிக்கிழமை அவன் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்வரை நின்றேன். ஷிப்ட் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் அம்மா என்ன நினைப்பாள் என்பதைவிட என்ன செய்வாள் என்பதுதான் பயமாக இருந்தது. மறுநாளே அவன் அறை வாசலில் போய் நிற்பாள். அழுவாள். ஊர் ஆள் யாராவது பார்ப்பான். பணம் நிற்கும். கடையில் எனக்குக் கொடுத்த சம்பளத்தை ஒரு கவரில் போட்டு, வாயை எச்சில் தொட்டு ஒட்டி, வீட்டில் கொடுத்தேன். என் சம்பளத்தை முதலாளி இழுத்தடிக்கிறார் என்று அவர்மேல் பழி போட்டேன். அம்மா கவரை மாதா படத்துக்குக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அவனைப் பார்த்தேன். டீக்கடையில் நின்றிருந்தான். அவனும் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைக் கடப்பதற்குள் நின்றிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டான். அது டவுன்ஷிப் போகிற பஸ், அவன் அறைக்கும் வேலைக்கும் அந்தப் பக்கம் போகவேண்டியதே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் எழுதிய மூன்று வரியும் வரிக்கு வரி நடந்துகொண்டிருந்தது. என் கையெழுத்தின்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

நாலாம் மாதம் தாலுகா ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போனது. மகன் மாதாமாதம் தங்கை வழியாகப் பணம் கொடுக்கிறான், பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்ததாம். எழுதியவர் யாரோ, கொஞ்சம் முன்னாலேயே எழுதியிருந்தால் உண்மையாகவாவது இருந்திருக்கும். விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வருகிறார், மகனும் நேரில் வந்து சொல்லவேண்டும் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "நீ போயி அவங்கிட்ட சொல்லு. பாக்கறதில்லன்னு மட்டும் சொன்னா போதும், வேற ஒண்ணியும் பேச வேணாம்னு சொல்லு. அவனுக்குப் பொய் சொல்ல வராதுடி. சின்ன வயசுலயே மூஞ்சி காட்டிக் குடுத்துடும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அறை மாறியிருந்தான். விசாரித்துக் கண்டுபிடித்தேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, காலில் கரிமண்ணோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"வந்து இன்னா சொல்லணும்?"

"எங்கள பாக்கறதில்லன்னு சொல்லணும்."

என்னையே பார்த்தான். "நான் குடுக்கறதில்லன்னு அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"பின்ன மாசா மாசம் எங்கேர்ந்து குடுக்கற?" கேட்ட வாயை உடனே மூடிக்கொண்டான். குனிந்து காலில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். நிமிராமலேயே, "வர்றன், போ," என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது, அதை என் கண்ணால் பார்த்தேன். அந்த வெட்கத்தில், ஊர் முன்னால் மானத்தை மீட்டுக்கொள்வதாக நினைத்து, 'நான்தான் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டால்? மாசப் பணமும் நிற்கும், இவனும் கொடுக்கப்போவதில்லை. இன்னொரு பக்கம், கேவலம், ஒரு ஆசையும் இருந்தது. அவன் அப்படிச் சொல்லட்டும், சொல்லிவிட்டு அதன்படி செய்யட்டும் என்று. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மாதா கோயிலைத் தாண்டும்போது சும்மா சிலுவை மட்டும் போட்டுக்கொண்டேன்.

விசாரணை பஞ்சாயத்துக் கட்டிடத்தில் நடந்தது. ஆர்.ஐ. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஊர் நின்றது. அம்மா சுவரோரம் நின்றாள், நான் அவள் பக்கத்தில். அவள் விரல் என் தாவணி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. அண்ணன் வேலைச் சட்டையோடு நேராக வந்தான்.

"இது உங்க அம்மாதானே?"

"ஆமாங்க."

"மாசா மாசம் பணம் குடுக்கறதா எழுதியிருக்காங்க. குடுக்கறியா?"

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அப்புறம் என்னை.

"இல்லீங்க. குடுக்கறதில்ல."

"பெத்த தாயக் கவனிக்கறதில்லயா?"

"இல்லீங்க."

ஆர்.ஐ. பேனாவை மேசையில் வைத்தார். மகன் இருந்தும் ஒரு தாய் சர்க்கார் பணத்துக்கு நிற்கவேண்டியிருக்கிறதே, நீ எல்லாம் என்ன மனுஷன் என்று ஆரம்பித்து, ஐந்து நிமிஷம் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொன்னதை எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். பணம் தொடரும் என்று ஆர்.ஐ. அம்மாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். ஒரு சொம்பு தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை அப்படிப் பார்த்தேன்.

"எங்க ஒளறிடுவானோன்னு எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சி. புள்ள எப்படிச் சொன்னான் பாத்தியா? ஒரு தடுமாத்தம் இல்ல. பொய்யின்னு யாரனா சொல்லுவாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"அத்தினி பேரு எதிர்ல செய்யாத பாவத்த ஏத்துக்கினு நின்னானே. எனக்காக." மறுபடி கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "சனிக்கெழம கவரு வாங்கறப்ப, அம்மா மன்னிப்பு கேட்டுதுன்னு அவங்கிட்ட சொல்லுடி. மறக்காத சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. அந்த மாதம் கடையில் எனக்குப் பத்து நாள் வேலை இல்லை. அந்தக் கவரை நிரப்ப முதலாளியிடம் அடுத்த மாதச் சம்பளத்தை முன்கூட்டியே எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.